விளக்கு பெரிது, கம்பி சிறிது



இப்பக்கத்தில் பெரும்பாலும் கற்றல் கற்பித்தல் குறித்தே எழுதி வருகிறேன். இன்று மோட்டார் சைக்கிளின் முகப்பு விளக்கைப் பற்றி எழுதப் போகிறேன். நான் பொறிவினைஞன் அல்லன். ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்கு அறிவியல் கற்பிக்கும் ஆசிரியன். ஆயினும் இதை எழுத வேண்டிய கடன் ஒன்று எனக்கு உண்டு. அது என்ன கடன் என்பது படித்து முடிக்கும்போது விளங்கும்.

தீபகற்ப மலேசியாவில் காலை ஏழு மணியை ஒட்டித்தான் பொழுது புலர்கிறது. 1982-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், சபா சரவாக்கோடு ஒரே நேரமாக இருக்கட்டும் என்று இங்குள்ள கடிகாரங்களை அரைமணி நேரம் முன்னே நகர்த்தினார்கள். அன்று முதல் நம் பிள்ளைகளும் நாமும் பள்ளிக்குப் புறப்படுவது பெரும்பாலும் இருட்டில்தான். பட்டணத்தில் இருப்போர்க்கு இது பெரிதாகத் தெரியாது. தோட்டப்புறப் பள்ளிகளில் பணியாற்றுவோர்க்கு நன்கு தெரியும்.

2017-ஆம் ஆண்டு நான் பணியாற்றிய தமிழ்ப்பள்ளி ஒரு செம்பனைத் தோட்டத்தின் உள்ளே இருந்தது. வீட்டிலிருந்து 22 கிலோமீட்டர். அதில் கடைசி 7 கிலோமீட்டர் செம்மண் சாலை. தெரு விளக்கு ஒன்றுகூடக் கிடையாது. இரு மருங்கும் செம்பனை மட்டைகள் கவிந்து நிற்க, அந்த வழி ஒரு குகையைப் போலவே இருக்கும். ஒருநாள் விடியற்காலை, அந்தச் சாலையின் நடுவே ஒரு மாடு படுத்திருந்தது. கறுப்பு மாடு. பத்து மீட்டர் தொலைவில்தான் என் கண்ணில் பட்டது. வண்டியைச் சரித்து எப்படியோ தப்பித்தேன். பள்ளிக்குச் சென்ற பிறகும் கை நடுக்கம் நிற்கவில்லை.

அன்று மாலையே பட்டணத்தில் உள்ள உதிரிப்பாகக் கடை ஒன்றுக்குச் சென்றேன். என் வண்டியில் இருந்தது 35/35 வாட் மின்குமிழ். கடையில் இருந்த இளைஞர் 60/55 வாட் மின்குமிழ் ஒன்றை எடுத்து நீட்டினார். முதல் எண் தொலைவொளிக்கு, இரண்டாம் எண் தாழ்வொளிக்கு. விலை 25 வெள்ளி. அதன் அடித்தகடு என் விளக்கில் சரியாகப் பொருந்தவில்லை. "அது ஒன்னும் இல்ல சார்" என்று சொல்லி, அரத்தால் நான்கு முறை தேய்த்தார். பொருந்திவிட்டது.

அந்தத் தகட்டின் வேறுபாட்டைப் பற்றி அப்போது நான் சிந்திக்கவில்லை. 35 வாட் மின்குமிழுக்கும் 60 வாட் மின்குமிழுக்கும் கண்ணாடியும் உள்ளிழையும் பார்க்க ஏறத்தாழ ஒன்றுபோலவே இருக்கும். ஒன்றின் இடத்தில் மற்றொன்றை மாட்டிவிடக் கூடாது என்பதற்காகத்தான் அடித்தகட்டின் வடிவத்தை வேறுபடுத்தி வைத்திருக்கிறார்கள். 'இங்கே என்னை மாட்டாதே' என்று பொருளே தன் வடிவத்தால் சொல்கிறது. நாங்கள் அந்தச் சொல்லைத்தான் அரத்தால் தேய்த்து அழித்தோம்.

மறுநாள் காலை நான் கண்ட வெளிச்சத்தை என்னவென்று சொல்வது! செம்மண் சாலையின் ஒவ்வொரு குழியும் தெரிந்தது. செம்பனையின் அடிமரம் வரை ஒளி பரவியது. பள்ளி வாயிலில் என்னைக் கண்ட பெற்றோர் ஒருவர், "என்ன சார், கார் வருதோன்னு நெனச்சேன்!" என்றார். அவருடைய மகன் என் வகுப்பில் படித்தான். அவர் செம்பனை எண்ணெய் ஆலையில் இரவு நேர வேலைக்குச் செல்பவர். அவருக்கும் அதே இருட்டுச் சாலைதான். கடையின் பெயரையும் மின்குமிழின் அளவையும் கேட்டார். நானும் பெருமையோடு சொன்னேன். அதோடு நிற்காமல், "நீங்களும் மாற்றிவிடுங்கள், உயிர் முக்கியம்" என்றேன்.

அந்தச் சொல்லைத்தான் இன்றுவரை என்னால் திரும்பப் பெற முடியவில்லை.

இரண்டு வாரம் கழித்து எண்ணெய் மாற்றுவதற்காக வழக்கமான பட்டறைக்குச் சென்றேன். அதை நடத்துபவர் வயது முதிர்ந்த சீனர். நாங்கள் தவுக்கே என்றுதான் அழைப்போம். வண்டியை முடுக்கியதும் முகப்பு விளக்கைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "சிகு, லம்பு பெசார், வாயார் கெச்சில். மானா போலே?" என்றார். விளக்கு பெரிது, கம்பி சிறிது, எப்படி ஆகும் என்று பொருள். நான் சிரித்துவிட்டு நகர்ந்தேன். ஆசிரியர் பயிற்சி பெற்றவன், அறிவியல் கற்பிப்பவன், ஆண்டுதோறும் மின்சுற்றுப் பாடம் நடத்துபவன். எனக்கு அவர் என்ன சொல்வது என்ற எண்ணம் உள்ளே இருந்திருக்க வேண்டும்.

வண்டி மட்டும் சொல்லிக்கொண்டே இருந்தது. மூன்றாம் வாரம், காலையில் பொத்தானை அழுத்தினால் இயந்திரம் சோம்பலாக முனகியது. சந்திப்பில் நிற்கும்போது சமிக்ஞை விளக்கு வழக்கத்தைவிட மெதுவாக மின்னியது. ஒருநாள் மழையில் திரும்பும்போது நெகிழி கருகுவது போன்ற மணம் வந்தது; முன்னால் சென்ற லாரியின் மணம் என்று எண்ணிக்கொண்டேன். பேட்டரி பழையதாகிவிட்டது என்று புதிய பேட்டரி வாங்கி மாட்டினேன். நோயைக் கேட்காமல் நோயாளியை மாற்றினேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

அதன் பின் ஒரு திங்கட்கிழமை. வகுப்பில் வருகைப் பதிவு எடுக்கும்போது அந்த மாணவன் வரவில்லை. அவன் தந்தை முந்தைய இரவு ஆலைக்குச் செல்லும் வழியில் விழுந்துவிட்டார் என்று பக்கத்து வீட்டுப் பிள்ளை சொன்னாள்.

அன்று மாலை மருத்துவமனைக்குச் சென்றேன். காறை எலும்பு முறிந்திருந்தது. முகத்தில் சிராய்ப்புகள். கால்வாயை ஒட்டிய வளைவில் திரும்பும்போது விளக்கு ஒருமுறை துடித்து, அடியோடு அணைந்துவிட்டது என்றார். கண் இருட்டுக்குப் பழகுவதற்குள் வண்டி கால்வாயில் இறங்கிவிட்டது. "நல்லவேளை, பின்னால யாரும் உக்காரல சார்" என்றார். சில நாள்களில் மகனை ஏற்றிக்கொண்டு தாத்தா வீட்டுக்குச் செல்லும் சாலையும் அதுவே.

நான் வாங்கிச் சென்ற பழங்களை வைத்துவிட்டு வந்தேன். மின்குமிழைப் பற்றி வாய் திறக்கவில்லை. அவரும் சொல்லவில்லை. வெளியே வந்தபோது அவர் மனைவி மட்டும், "வாத்தியார் போட்டிருக்காருன்னா சரியாத்தான் இருக்கும்னு சொல்லி மாத்துனாரு" என்றார். குற்றம் சாட்டும் குரலே அன்று. நடந்ததைச் சொன்னார், அவ்வளவுதான்.

அன்றிரவு வீட்டில் என் வண்டியின் முகப்பைக் கழற்றினேன். மின்குமிழின் பின்புறம் செருகும் நெகிழிச் செருகி பழுப்பேறி, ஒரு பக்கம் இளகி வளைந்திருந்தது. உள்ளே இருந்த பித்தளைக் கவ்வி கறுத்திருந்தது. கம்பியின் மேலுறை விரல் பட்டதும் உதிர்ந்தது. எதிரொளிப்பான் ஓரத்தில் புகை படிந்ததுபோல் ஒரு மங்கல். அவருக்கு நேர்ந்தது எனக்கு நேரச் சில நாள்களே எஞ்சியிருந்தன.

இனிப் பாடத்திற்கு வருவோம். இது நான் வகுப்பில் நடத்தும் பாடந்தான். எனக்கே நான் நடத்திக்கொள்ளாத பாடம்.

திறன் என்பது மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் பெருக்கக் கிடைப்பது. 12 வோல்ட்டில் 35 வாட் மின்குமிழ் ஏறக்குறைய 2.9 ஆம்பியர் மின்னோட்டத்தை இழுக்கும். 60 வாட் மின்குமிழ் 5 ஆம்பியர் இழுக்கும். மின்னோட்டம் 1.7 மடங்கு கூடுகிறது. ஆனால் கம்பியிலும் இணைப்பிலும் பிறக்கும் வெப்பம் மின்னோட்டத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடும். ஆகவே வெப்பம் ஏறக்குறைய மூன்று மடங்கு. செருகியில் துருவினால் 0.2 ஓம் மின்தடை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பழைய மின்குமிழில் அங்கே 1.7 வாட் வெப்பம் பிறந்தது; காற்றில் கலைந்துவிட்டது. புதிய மின்குமிழில் அதே இடத்தில் 5 வாட். விரல்நுனி அளவுள்ள ஒரு நெகிழிக்குள் 5 வாட் நாள்தோறும் ஒரு மணி நேரம் பிறந்தால் அது மெல்ல மெல்ல இளகத்தான் செய்யும். இளகினால் கவ்வியின் பிடி தளரும். பிடி தளர்ந்தால் மின்தடை இன்னும் கூடும். மின்தடை கூடினால் வெப்பம் இன்னும் கூடும். இந்தச் சுழற்சியின் முடிவு, ஒரு வளைவில் விளக்கு துடித்து அணைவது.

'உருகி எதற்கு இருக்கிறது? அது காப்பாற்றாதா?' என்று நண்பர் ஒருவர் கேட்டார். உருகி, கம்பிகள் ஒன்றோடொன்று உரசி அளவுக்கு மீறிய மின்னோட்டம் பாயும்போது அறுந்து காக்கும். 10 ஆம்பியர் உருகிக்கு 5 ஆம்பியர் என்பது மிக இயல்பான அளவு. அது அமைதியாக இருக்கும், செருகி கருகிக்கொண்டிருக்கும்.

இரண்டாவது, வரவு செலவு. பெற்றோர்களுக்கு இதை எளிதில் விளக்கலாம். வண்டியின் மின்னாக்கிதான் சம்பளம். பேட்டரி சேமிப்பு. விளக்கு, சமிக்ஞை, ஒலிப்பான், தீப்பொறி எல்லாம் செலவு. இயந்திரம் வேகமாகச் சுழலும்போது சம்பளம் கூடும். நிதானமாகச் சுழலும்போது குறையும். செம்மண் சாலையில் நான் ஊர்ந்துதான் செல்வேன். சம்பளம் குறைந்த அந்த நேரத்தில் செலவு 25 வாட் கூடியது. பற்றாக்குறையைச் சேமிப்பிலிருந்து எடுத்தேன். என் பேட்டரியின் கொள்ளளவு 5 ஆம்பியர் மணிதான். புதிய பேட்டரி வாங்கியதால் சம்பளம் உயரவில்லை. கடன் தெரிய வரும் நாள் மட்டும் தள்ளிப்போனது. நம் நாட்டில் 1992-ஆம் ஆண்டு முதல் மோட்டார் சைக்கிள்கள் பகலிலும் முகப்பு விளக்கை எரியவிட வேண்டும் என்பது சட்டம். உயிர் காக்கும் நல்ல சட்டம். ஆனால் கூடுதல் வாட் போட்டவருக்கு அந்தக் கூடுதல் செலவு இரவோடு முடிவதில்லை என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

மாணவனின் தந்தையினுடையது பழைய கப்சாய் வண்டி. அவ்வகை வண்டிகள் பலவற்றில் முகப்பு விளக்கு பேட்டரியிலிருந்து எரிவதில்லை. மின்னாக்கியில் பிறக்கும் மாறுதிசை மின்னோட்டம் நேரே விளக்குக்குச் செல்லும். அதனால்தான் முறுக்கினால் வெளிச்சம் கூடுவதும், விட்டால் மங்குவதும். அங்கே கைகொடுக்கச் சேமிப்பே கிடையாது. 60 வாட் கேட்கும் மின்குமிழை மாட்டினால், மின்னாக்கி தன்னால் இயன்றதைத்தான் தரும், மின்னழுத்தம் சரியும், வளைவில் வேகம் குறைக்கும்போது வெளிச்சம் நெருப்புத் துண்டுபோல் சிவந்து போகும். எங்கே வெளிச்சம் மிகவும் தேவையோ அங்கே அது மிகவும் குறையும். அவர் அதைக் கவனித்திருக்கிறார். "சார் வண்டியில நல்லாத்தானே எரியுது, என் வண்டிதான் பழசு" என்று தமக்குத்தாமே சமாதானம் சொல்லிக்கொண்டாராம்.

இதை அவர் என்னிடம் சொன்னது இரண்டாம் முறை சென்றபோது. ஆம், மறுநாள் மீண்டும் சென்றேன். கருகிய செருகியைச் சட்டைப்பையில் வைத்துக் கொண்டுபோனேன். அதைக் கட்டிலின் மேல் வைத்து, "நான் சொன்னது தவறு. என் வண்டியும் இப்படித்தான் ஆகியிருக்கிறது" என்றேன். அவர் அதை இடக்கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப என் வண்டிய சரி பண்ணும்போது பழைய பல்பையே போடச் சொல்லுங்க சார்" என்றார். அதற்கு மேல் ஒரு சொல் இல்லை. வேலைக்குச் செல்லும் வழியில் நேர்ந்த விபத்து என்பதால் சொக்சோ உதவி கிடைத்தது. ஆயினும் ஆறு வாரம் மிகைநேர ஊதியம் இல்லாத வீடு எப்படி இருக்கும் என்பதை நான் அறிவேன்.

இரண்டு வண்டிகளையும் தவுக்கேயின் பட்டறைக்குக் கொண்டு சென்றேன். அவர் 'அன்றே சொன்னேன்' என்று சொல்லவில்லை. ஒரு பழைய மல்டிமீட்டரை எடுத்தார். என் வண்டியில் முதலில் பழைய 35 வாட் மின்குமிழையே மாட்டி, இயந்திரத்தை ஓடவிட்டு அளந்தார். பேட்டரியின் முனைகளில் 13.4 வோல்ட். மின்குமிழின் செருகியில் 11.8 வோல்ட். வழியிலேயே 1.6 வோல்ட் காணாமற் போயிருந்தது. எங்கே என்று தேடினார். பேட்டரியின் எதிர்முனைக்கும் விளக்கின் புவி இணைப்புக்கும் இடையில் அளந்தபோது 0.9 வோல்ட் காட்டியது. நல்ல இணைப்பாக இருந்தால் அங்கே சுழியை ஒட்டி இருக்க வேண்டும். வண்டியின் சட்டத்தில் திருகாணியால் முடுக்கப்பட்டிருந்த அந்த இணைப்பு துருப்பிடித்திருந்தது. எஞ்சியது கைப்பிடியில் உள்ள விசையின் தொடுமுனைகளில் போய்க்கொண்டிருந்தது.

இழை மின்குமிழ்களுக்கு ஓர் இயல்பு உண்டு. மின்னழுத்தம் சிறிது குறைந்தாலும் ஒளி பெரிதும் குறையும். மின்னழுத்தத்தின் ஏறக்குறைய 3.4 அடுக்குக்கு ஏற்ப ஒளி மாறும் என்பது பொறியியலில் வழங்கும் கணக்கு. 13.4 வோல்ட் சேர வேண்டிய இடத்தில் 11.8 சேர்ந்தால், மின்குமிழ் தரக்கூடிய ஒளியில் மூன்றில் ஒரு பங்கு தொலைந்துவிடும். மாட்டைக் கண்டு நான் நடுங்கிய அந்த விடியற்காலையில் என் மின்குமிழ் சிறியதாக இல்லை, பட்டினியாக இருந்தது. அதே பழுதான வழியில் 60 வாட் மின்குமிழை மாட்டியபோது, கூடுதல் மின்னோட்டத்தால் இழப்பும் கூடி, அது தன் முழு ஒளியில் ஏறக்குறைய பாதியைத்தான் தந்திருக்கும். அந்தப் பாதிக்கே நான் மகிழ்ந்து போனேன். வழியில் இழந்த மின்னழுத்தம் செருகியையும் கம்பியையும் சூடாக்கிக்கொண்டிருந்தது.

தவுக்கே துருவைச் சுரண்டினார். விளக்கிலிருந்து பேட்டரியின் எதிர்முனைக்குத் தனியே ஒரு கம்பி இழுத்தார். விசையைப் பிரித்துத் தொடுமுனைகளைத் துடைத்தார். புதிய செருகி மாட்டினார். மீண்டும் அளந்தபோது செருகியில் 13.0 வோல்ட். அதே 35 வாட் மின்குமிழ், முன்பைவிட ஏறக்குறைய 40 விழுக்காடு கூடுதல் ஒளி. பிறகு வண்டியைச் சுவரின் முன் நிறுத்தி, ஒளி விழும் உயரத்தைத் திருகாணியால் சரிசெய்தார். இத்தனை ஆண்டுகள் என் விளக்கு சாலையை விட்டுவிட்டுச் செம்பனை மட்டைகளுக்கு ஒளி காட்டிக்கொண்டிருந்தது! மொத்தச் செலவு 18 வெள்ளி. கப்சாய்க்கும் அதே வைத்தியம்தான். கூடுதலாக, மங்கிப்போன முகப்புக் கண்ணாடியை மாற்றினார். அதற்கான பணத்தை நான் கொடுத்தேன். அது ஈடாகாது என்று எனக்குத் தெரியும்.

இதைப் படித்துவிட்டு, 'அப்படியானால் ரிலே போட்டால் சரியாகிவிடுமே' என்று சிலர் எழுதக்கூடும். உண்மைதான், ஓரளவுக்கு. ரிலே வைத்துப் பேட்டரியிலிருந்து தடித்த கம்பியை உருகியோடு நேரே விளக்குக்குக் கொண்டுபோனால், விசையின் வழியே சிறு மின்னோட்டம் மட்டுமே செல்லும். விசையும் பழைய கம்பியும் கருகாமல் தப்பும். ஆனால் ரிலே சம்பளத்தை உயர்த்தாது. மின்னாக்கி தருவதைவிடக் கூடுதலாகச் செலவழித்தால் பேட்டரி வற்றத்தான் செய்யும். 60 வாட் வெப்பத்தை எதிரொளிப்பானும் முகப்புக் கண்ணாடியும் தாங்குமா என்பது வேறு கேள்வி.

இக்காலத்தில் எல்லாரும் எல்.இ.டி. விளக்கை நாடுகிறார்கள். குறைந்த மின்னோட்டத்தில் மிகுந்த ஒளி தருவது அதன் சிறப்பு. தொழிற்சாலையிலேயே எல்.இ.டி. விளக்கோடு வடிவமைக்கப்பட்ட வண்டிகளைக் குறை சொல்வதற்கில்லை. இழை மின்குமிழுக்கென வடிவமைத்த எதிரொளிப்பானில் எல்.இ.டி.யை மாட்டுவதில்தான் சிக்கல். ஒளி பிறக்கும் இடம் சற்று மாறினாலும் ஒளிக்கற்றை சிதறும். நம் சாலை வெளிச்சமாகத் தெரியும், எதிரே வருபவர் கண் கூசிக் கால்வாயில் இறங்குவார். மாறுதிசை மின்னோட்டத்தில் எரியும் பழைய வண்டிகளில் அது துடிதுடிக்கும். இப்படித் தாமாக விளக்கை மாற்றுவதைச் சாலைப் போக்குவரத்துத் துறை ஏற்பதில்லை என்பதையும் மறக்கலாகாது.

அவ்வாண்டு மின்சாரப் பாடம் நடத்தும் நாள் வந்தது. தந்தையின் கை இன்னும் தூளியில் இருந்தது. வழக்கம்போல் மின்கலம், கம்பி, விசை, மின்குமிழ் எல்லாவற்றையும் மேசைமேல் பரப்பினேன். பாதி பயன்படுத்திய இரண்டு மின்கலங்களில் சிறிய மின்குமிழை இணைத்தோம், நன்றாக எரிந்தது. "இதை எடுத்துவிட்டுப் பெரிய மின்குமிழைப் போட்டால் என்ன ஆகும்?" என்று கேட்டேன். "இன்னும் வெளிச்சமா எரியும் சார்!" என்று வகுப்பே கூவியது. அவன் மட்டும் கூவவில்லை. பெரிய மின்குமிழை இணைத்தோம். இழை மெல்லச் சிவந்து நின்றது. வகுப்பு அமைதியானது.

அப்போது நான் அவர்களிடம் சொன்னேன். ஆசிரியரும் இதே தவற்றைச் செய்தார், அதைப் பிறருக்கும் சொன்னார், அதனால் ஒருவர் காயமுற்றார் என்று. யார் என்று சொல்லவில்லை. ஆனால் சிறிய பள்ளியில் எதுவும் மறைவதில்லை. எல்லாரும் அவனைத் திரும்பிப் பார்த்தார்கள். அவன் தலைகுனியவில்லை. "எங்கப்பா வண்டி இப்ப நல்லா எரியுது சார். பழைய பல்புதான்" என்றான். பிறகு எழுந்து வந்து, பெரிய மின்குமிழைக் கழற்றிவிட்டு, சிறியதை அவனே மீண்டும் இணைத்தான்.

திருக்குறளில் வலியறிதல் என்று ஓர் அதிகாரமே உண்டு. மயிலிறகு ஏற்றிய வண்டியைப் பற்றிய குறள் அதில்தான் இருக்கிறது என்பதை ஆசிரியர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எத்தனையோ ஆண்டுகள் அதை மனனம் செய்யவைத்து, பொருள் எழுதவைத்து, தவறு திருத்தியிருக்கிறேன். என் சொந்த வண்டிக்கு அது பொருந்தும் என்று ஒருநாளும் தோன்றவில்லை.

பெற்றோர்களே, இருட்டில் செல்லும் உங்கள் வண்டியில் வெளிச்சம் போதவில்லை என்றால், பெரிய மின்குமிழ் வாங்குமுன் இவற்றைச் செய்து பாருங்கள். முகப்புக் கண்ணாடியைத் துடையுங்கள், மஞ்சளித்திருந்தால் மாற்றுங்கள். பல ஆண்டு எரிந்த மின்குமிழ் உள்ளே கறுத்திருக்கும். அதே வாட் அளவில் தரமான புதியதை வாங்குங்கள். ஆலசன் வகையாக இருந்தால் அதன் கண்ணாடியை வெறுங்கையால் தொடாதீர்கள். விரலின் எண்ணெய்ப் பிசுக்கு சூட்டில் அதைக் கெடுத்துவிடும். பட்டறையில் செருகியையும் புவி இணைப்பையும் அளந்து பார்க்கச் சொல்லுங்கள். ஒளி விழும் உயரத்தைச் சரிசெய்யுங்கள். செருகி பழுப்பேறியிருந்தாலோ, கருகல் மணம் வந்தாலோ ஒருநாளும் தள்ளிப் போடாதீர்கள்.

ஆசிரியர்களே, உங்களுக்கு ஒன்று மட்டும். தோட்டமாக இருந்தாலும் பட்டணமாக இருந்தாலும், நாம் வகுப்பில் சொல்வதை மட்டும் மக்கள் கேட்பதில்லை. நாம் ஓட்டும் வண்டியையும் பார்க்கிறார்கள். "சார் போட்டிருக்கிறார்" என்று அவர்களும் போடுகிறார்கள். அறியாத ஒன்றில் "எனக்குத் தெரியாது, தவுக்கேயிடம் கேளுங்கள்" என்று சொல்வதால் நம் மதிப்பு குறைந்துவிடாது. அன்று நான் அதைச் சொல்லியிருந்தால் ஓர் எலும்பு முறிந்திருக்காது.

கருகிய அந்தச் செருகி இன்றும் என் அறிவியல் பெட்டியில் இருக்கிறது. ஆண்டுதோறும் மின்சாரப் பாடத்தின்போது வகுப்பில் கைமாற்றிக் காட்டுகிறேன். யாருடைய வண்டியினுடையது என்று மாணவர்கள் கேட்பார்கள். "என்னுடையது" என்று சொல்வேன்.

நாளை காலை புறப்படுமுன் உங்கள் வண்டியின் முகப்பு விளக்கை ஒருமுறை பார்த்துவிட்டுச் செல்லுங்கள்.